தம்பிக்கு மனச்சிதைவு: வீட்டில் எப்படிப் பேசுவது, வெளியே யாரிடம் சொல்வது?

கேள்வி கேட்டவர் பெங்களூர் விவேக் நகரில் இருக்கும் ஒரு பெண். அவருடைய தம்பிக்கு 23 வயது. எட்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மின்விசிறி வழியாகத் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்கிறார். நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று சொல்லி மாத்திரை கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் என்பதால் அப்பா, "இது வெளியே தெரியவே கூடாது" என்கிறார். பெரியம்மா கோயிலில் கொண்டுபோய் விடச் சொல்கிறார். மாத்திரை பழக்கமாகிவிடுமா, மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டவர், கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "நேற்று ராத்திரி தம்பி, 'நான் பைத்தியமாக்கா?'ன்னு கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை."

நான் இந்த ஊரில் 22 வருடமாக மனநலச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அந்த மருந்து வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்பது என் வேலை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மகனுக்கு மூன்றாவது தடவையாக நோய் திரும்பியிருந்தது. மாத்திரை தவறாமல் கொடுப்பதாக அம்மா சத்தியம் செய்தார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். சமையலறையில் அரிசி டப்பாவைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். மாத்திரை அட்டைகளில் பெயர் இருந்த பக்கத்தைச் சுரண்டி அழித்திருந்தார்கள். யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாது என்பதற்காக. சரி, வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது எப்படி எடுத்துக் கொடுப்பீர்கள் என்று கேட்டதும் அவர் பேசவில்லை. நாத்தனார் குடும்பம் பத்து நாள் தங்கியிருக்கிறது. பத்து நாளும் மாத்திரை அரிசிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மகன் மேல் அவருக்கு அவ்வளவு பாசம். ஆனால் அந்தப் பையனை மறுபடி படுக்க வைத்தது, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

இதே பயத்தில்தான் பலர் ஆட்டோக்காரரிடம் "நிமான்ஸ்" என்று சொல்லாமல் "டெய்ரி சர்க்கிள்" என்று சொல்லி இறங்கி, ஓசூர் ரோட்டில் வெயிலில் நடந்து வருகிறார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே திட்டாக்கி வைத்திருக்கிறோம். இங்கே பள்ளிப் பிள்ளைகள்கூட "உன்னை நிமான்ஸ்ல சேர்க்கணும்" என்று சொல்லி விளையாடுகிறார்கள். அந்த ஆஸ்பத்திரியின் வேர் 1840-களில் இங்கே இருந்த பைத்தியக்கார விடுதிக்குப் போகிறது. 1925-இல் மைசூர் அரசு அந்தப் பெயரை மனநல மருத்துவமனை என்று மாற்றியது. 1974-இல் நிமான்ஸ் ஆனது. அரசாங்கம் பெயரை மாற்றி நூறு வருடம் ஆகிவிட்டது. நம் பேச்சு இன்னும் மாறவில்லை.

பேச்சைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பியை நான் "அவர்" என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் அக்கா, "அவன்" என்பதில் பாசம் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் மனநோய் வந்த ஒருவரை ஊரே ஒருமையில் பேசத் தொடங்குவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஐம்பது வயது மனிதர் எதிரே உட்கார்ந்திருப்பார். அவருடைய மனைவியிடம், "இவன் தூங்குறானா? சாப்பிடுறானா?" என்று கேட்பார்கள். அதுவரை "சார்" என்று கூப்பிட்ட கடைக்காரர் "என்னடா" என்பார். தமிழில் ஒரு 'ர்' போனால் ஆளுடைய மரியாதை முழுவதும் போய்விடும். நோயாளிக்கு அது நன்றாகக் காதில் விழுகிறது. உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தம்பியைப் பற்றி அவர் முன்னாலேயே உங்களிடம் விசாரித்தால், "அவர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இன்றைக்கே செய்யலாம்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்றும் சொல்கிறேன். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் கூட்டுக்குடும்பத்தில் பின்கட்டு அறை ஒன்று எப்போதும் பூட்டியே இருக்கும். சித்தி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். தட்டு உள்ளே போய்ப் பாதிச் சோற்றோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ஜன்னல் இடுக்கில் விரல்கள் தெரிந்தன. "தண்ணி" என்று சித்தியின் குரல் கேட்டது. பயந்து ஓடிவிட்டேன். தண்ணீர் கொடுக்கவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. பதினோரு வருடம் கழித்துத்தான் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். நாலு மாதச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு காலையில் சித்தி வாசல் தெளித்து, பதினைந்து புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம் போட்டார். கோடு ஒரு இடத்திலும் தப்பவில்லை. அம்மா படியிலேயே உட்கார்ந்து அழுதார். எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. "மற்ற பெண்களுக்கு வரன் வராதே" என்று பயந்தார்கள், அவ்வளவுதான். உங்கள் அப்பாவின் பயமும் அதே பயம்தான். அதனால் அவரிடம் கோபப்படாதீர்கள், ஆனால் அவர் சொல்கிறபடி செய்யவும் வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பரிவு என்றால் மனது நல்லவர்கள் செய்யும் கூடுதல் உபகாரம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நோயில் அது சிகிச்சையின் ஒரு பாகம். 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறையிலோ உடன்பிறந்தவர்களோடோ தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். ஏன் என்று தேடிப் போனபோது வீட்டின் பேச்சு பிடிபட்டது: ஓயாத குறை, வெறுப்பு, அப்புறம் மூச்சு முட்டும் அளவுக்கு மேலே விழுந்து கவனிப்பது. 1976-இல் இரண்டு லண்டன் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அப்படிப்பட்ட பேச்சு மிகுந்த வீடுகளில் ஒன்பது மாதத்துக்குள் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. பேச்சு அடங்கிய வீடுகளில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் திரும்பியது. பிறகு சண்டிகரிலும் இதை அளந்து பார்த்தார்கள். அங்கே கடுமையான பேச்சு உள்ள குடும்பங்கள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன. கூடி வாழும் நம் வழக்கத்தில் நல்லது இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் நோய் குடும்பத்தால் வந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மூளையில் நடக்கும் மாற்றம் வேறு. அது ஆறுவதற்கு வீடு இடம் கொடுக்கிறதா என்பதைத்தான் இந்த ஆய்வுகள் சொல்கின்றன.

நான் பார்த்த வரையில், வீட்டில் பெரும்பாலான சண்டை மின்விசிறிக் குரலைப் பற்றி வருவதில்லை. "இன்னும் எழுந்திரிக்கலையா", "குளிச்சு மூணு நாளாச்சு", "தண்டச்சோறு" என்பதில்தான் வருகிறது. மனச்சிதைவு இரண்டு வேலை செய்கிறது. இல்லாத குரலையும் இல்லாத சந்தேகத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. இருந்த ஊக்கத்தையும், ஆசையையும், முகபாவத்தையும், பேச்சையும் எடுத்துக்கொண்டு போகிறது. முதலாவது மாத்திரைக்கு ஓரளவு சீக்கிரமே அடங்கும். இரண்டாவது மெதுவாகத்தான் திரும்பி வரும், சிலருக்கு முழுதாக வராமலும் போகலாம். வெளியே இருந்து பார்த்தால் அது அப்படியே சோம்பேறித்தனம் மாதிரி இருக்கும். கால் உடைந்தவரை ஓடச் சொல்ல மாட்டோம். இவருக்குக் கட்டு ஒன்றும் கண்ணுக்குத் தெரியாததால் விரட்டுகிறோம்.

அப்படியானால் என்ன பேசுவது? "எத்தனை தடவை சொல்றது குளின்னு" என்பதற்குப் பதில், "வெந்நீர் வெச்சிருக்கேன், ஆறறதுக்குள்ள போயிட்டு வந்துடு" என்று சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்லலாம், வாங்கி வந்ததும் "நல்லவேளை வாங்கிட்டு வந்தே" என்று சொல்லலாம். அதற்கு மேல் கொண்டாட வேண்டாம், அவருக்கே கூச்சமாக இருக்கும். மின்விசிறியில் பேசுகிறார்கள் என்று சொல்லும்போது, "யாரும் பேசலை, சும்மா இரு" என்று வாதாடினால் நீங்களும் அவர்கள் கட்சி என்று நினைப்பார். "ஆமா, பேசுறாங்க" என்று ஒத்து ஊதினால் பயம் கூடும். "எனக்குக் கேட்கலை. ஆனா உனக்குக் கேட்குதுன்னு நம்புறேன். பயமா இருக்கா? நான் கொஞ்ச நேரம் இங்கேயே உட்காரட்டுமா?" என்று கேளுங்கள். குரல் அவருக்கு உண்மையாகவே கேட்கிறது. பயமும் உண்மை. நீங்கள் அந்தப் பயத்துக்குப் பதில் சொன்னால் போதும்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதற்கும் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, இருந்தால் இறக்கி வைக்க இடம் கிடைக்கும். நோய் தெரிந்த முதல் சில வருடங்களில் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆமாம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்றவை போதை தருவதில்லை. இன்னும் இரண்டு வேண்டும் என்று கேட்க வைப்பதும் இல்லை. கூடவே தூக்கத்துக்கும் படபடப்புக்கும் மாத்திரை கொடுத்திருக்கலாம். அவற்றில் சிலது பழக்கமாகும், அதனால்தான் மருத்துவரே சில வாரங்களில் குறைப்பார். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். முதல் சில நாட்களிலேயே தூக்கமும் பதற்றமும் சரியாகத் தொடங்கும். குரல் அடங்கச் சில வாரங்கள் ஆகும், ஆறு வாரத்தில் பாதிதான் குறைந்திருக்கிறது என்றால் மனம் தளர வேண்டாம். ரிஸ்பெரிடோனில் கை நடுக்கம், உடம்பு விறைப்பு, உட்கார முடியாத தவிப்பு வரலாம். ஒலன்சபினில் பசி எடுத்து எடை கூடும், சர்க்கரையும் ஏறலாம். இதையெல்லாம் நாமாகச் சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தெரியாது. பலர் சொல்லாமலேயே மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே வீசிவிடுகிறார்கள். நன்றாகிவிட்டது என்று நாமே நிறுத்துவது எல்லாவற்றிலும் ஆபத்து. முதல் தடவை நோய் வந்தவர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. அட்டையைச் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்பாவின் பிபி மாத்திரையோடு சேர்த்தே வையுங்கள். வருகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

கோயில் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நிமான்ஸ் மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வந்தது. தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து முத்துசாமி கோயிலில் தங்க வந்த 31 பேரைப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. அங்கே அடியும் கிடையாது, விசேஷ சடங்கும் கிடையாது. காலையில் பூசையில் கலந்துகொள்வார்கள், கோயிலைப் பெருக்குவார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். கூடவே வீட்டு ஆள் ஒருவர் தங்குவார். சராசரி ஆறு வாரத்தில் அவர்களின் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கோபிக்காத மனிதர்களும் செய்வதற்கு ஒரு வேலையும் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆகவே பெரியம்மாவிடம், "கூட்டிட்டுப் போகலாம் பெரியம்மா, மாத்திரையையும் எடுத்துட்டுப் போவோம், நாமளும் கூடவே இருந்து கூட்டிட்டு வருவோம்" என்று சொல்லுங்கள்.

கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதை மட்டும் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் எரிந்து போனார்கள். அவர்களை அங்கே கொண்டு வந்து விட்டது பெரும்பாலும் அவர்கள் வீட்டு ஆட்கள்தான். இன்றைக்கு 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய் உள்ள யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது. மயக்கமருந்து இல்லாமல் மின் அதிர்வு சிகிச்சை தரக்கூடாது. சிகிச்சை நிலையத்தில் கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக்கூடாது, சொந்த உடையைப் போட விடாமல் தடுக்கக்கூடாது. யாரையாவது சேர்க்க நேர்ந்தால் இதைக் கேட்டுப் பார்த்த பிறகு சேர்த்துவிடுங்கள். உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

கல்யாணம். தம்பியின் நோயை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டும் என்று சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அது தம்பியின் சொந்த விஷயம், அதை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அதனால் முதலில் அவரிடம் கேளுங்கள். இதுவரை அப்பா, பெரியம்மா, நீங்கள் எல்லாரும் முடிவு செய்கிறீர்கள், அவரிடம் யாரும் கேட்ட மாதிரி உங்கள் கேள்வியில் தெரியவில்லை. அவர் சரி என்றால், பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். பரம்பரையில் வருமா என்று மாப்பிள்ளை கேட்கலாம். மனச்சிதைவு பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு வரலாம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 91 பேருக்கு வராது. நோய் வந்தவருடைய அக்கா, அண்ணன் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதைவிடவும் குறைவு. நிமான்ஸ் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை அந்த நேரத்திலேயே இருந்தது. மாப்பிள்ளை வீட்டிலும் யாராவது இருப்பார்கள், அவர்களும் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கலாம். நான் பார்த்த ஒரு சம்பந்தம் இதைச் சொன்னதால் முறிந்தது. இன்னொன்றில் மாப்பிள்ளையின் அம்மா, "எங்க அண்ணனும் இப்படித்தாம்மா இருந்தார்" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். உங்களுக்கு எது நடக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. மறைத்துக் கல்யாணம் ஆனால், தாலி கட்டும் நாளில் தம்பியை எந்த அறையில் வைப்பது என்று உங்கள் வீட்டில் யோசிப்பார்கள். அது எனக்குத் தெரியும். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கூட்டமும் மேளச்சத்தமும் அவருக்குச் சிரமமாக இருக்கும். அரைமணி நேரம் மண்டபத்தில் இருந்துவிட்டு அமைதியான இடத்துக்குப் போக அவருக்குப் பிடித்த ஒருவரைத் துணைக்கு வையுங்கள்.

இனி, ராத்திரி தம்பி கேட்டது. அந்தக் கேள்விக்கு "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைப்பவர்கள்தான் அதிகம். நீங்கள் அப்படிச் செய்யாமல் பேசாமல் இருந்தீர்கள், அது நல்லது. ஆனால் அவர் அதை உங்களிடம் மட்டும்தான் கேட்டிருக்கிறார், ஆகவே அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடாதீர்கள். மறுபடி கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்குச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கியதும் பக்கத்தில் போய் உட்காருங்கள். விளக்கு வெளிச்சம் குறைவாக இருந்தால் அவருக்குச் சுலபமாக இருக்கும். "அன்னிக்கு ஒண்ணு கேட்டியே. உனக்கு வந்திருக்கறது ஒரு நோய்டா. அதுக்கு மனச்சிதைவுன்னு பேரு. நிறைய பேருக்கு வருது, மருந்து இருக்கு, நாள் ஆகும். நீ என் தம்பி. உனக்கு என்ன கேட்குதோ, என்ன தோணுதோ, எங்கிட்ட சொல்லு" என்று சொல்லிப் பாருங்கள். இதே வார்த்தைகளாக இருக்க வேண்டியதில்லை. அவர் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். எழுந்து வராதீர்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள்.